சந்தாவும் மனச்சாட்சியும்

என் தகப்பனார் ஒரு சிறிய ஊரின் நகராட்சி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். மாதம் பிறந்து சம்பளம் பட்டுவாடாவாகும் நாளில், அந்த அறைக்கு வெளியே வராந்தாவில் ஊழியர் சங்கத்தின் பொருளாளர் ஒரு மர ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மடியில் ரசீதுப் புத்தகம், காதில் பென்சில். சம்பளத்தை எண்ணிக்கொண்டே வெளியே வருகிறவர்கள் அவரிடம் ஒரு ரூபாயைக் கொடுத்து, ரசீதை வாங்கிச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு போவார்கள். என் தகப்பனார் மட்டும் நிற்கமாட்டார்.

"அண்ணே!" என்று பொருளாளர் கூப்பிடுவார்.

"அடுத்த மாதம் பார்க்கலாம், தம்பி" என்று சொல்லிக்கொண்டே தகப்பனார் படியிறங்கிவிடுவார். அந்த அடுத்த மாதம் இருபத்தெட்டு வருஷ உத்தியோகத்தில் ஒரு தடவைகூட வரவில்லை.

அவரைக் கஞ்சன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. தேர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்க வருகிறபோது எங்கள் தெருவில் முதல் பெயர் அவருடையதாகத்தான் இருக்கும். சங்கத்தின் பேரில் அவருக்கு இருந்த மனத்தாங்கல் வேறு. சங்கம் ஒரு கட்சியின் நிழலில் நின்றது. அந்தக் கட்சியை அவருக்குப் பிடிக்காது. "என் காசு போய் அந்தக் கொடிக்குக் கம்பம் நடவேண்டாம்" என்பார். அவ்வளவுதான் அவருடைய வாதம்.

ஒரு தடவை பதினோரு நாள் வேலை நிறுத்தம் நடந்தது. தகப்பனார் தினமும் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டு வந்தார். பொருளாளரையும் இன்னும் மூன்று பேரையும் சஸ்பெண்டு செய்தார்கள். கடைசியில் சம்பளம் உயர்ந்தது. நின்றவர்களுக்கும் உயர்ந்தது, நிற்காதவருக்கும் உயர்ந்தது. சேர்ந்து வந்த பாக்கிப் பணத்தில் தகப்பனார் அம்மாவுக்கு ஒரு தையல் மிஷின் வாங்கிக்கொண்டு வந்தார். அம்மா அதை இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் நூல் கோத்துக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "இது அப்பா வாங்கிக் கொடுத்ததுதான். ஆனால் யார் வாங்கிக் கொடுத்தது என்பது வேறு."

'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. அம்மா அதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தவரை அப்பாவின் எதிரில் வாழ்நாள் முழுவதும் அவள் அதைச் சொன்னதில்லை. ஆனால் அந்த மிஷின் ஓடும் சத்தத்தில் எனக்கு அது கேட்டுக்கொண்டேயிருந்தது.

இது எங்கள் வீட்டு விவகாரம், எங்கள் ஊர் விவகாரம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பிற்பாடு சரித்திரம் படிக்கத் தொடங்கியபோதுதான் தெரிந்தது, இதே ஒரு ரூபாய் விவகாரத்துக்காக அமெரிக்க தேசத்தின் சுப்ரீம் கோர்ட்டு அறுபது வருஷங்களுக்கு மேல் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது என்று. சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கிறவன் தன் சங்கத்துக்குப் பணம் கட்டித்தான் ஆகவேண்டுமா? கேள்வி சின்னது. ஆனால் அதைப் பின்தொடர்ந்து போனால் ஒரு குப்பை வண்டியும், ஒரு ரயில் எஞ்சினும், ஒரு மகானின் ரத்தமும் வழியில் வருகின்றன.

*

முதலில் குப்பை வண்டி.

டென்னஸி மாகாணத்தில் மிஸிஸிப்பி ஆற்றங்கரையில் மெம்ஃபிஸ் என்று ஒரு நகரம். அங்கே வீடு வீடாகப் போய்க் குப்பை அள்ளுகிறவர்கள் ஏறக்குறைய எல்லோருமே கறுப்பர்கள். அவர்களை மேய்க்கிற மேஸ்திரிகள் வெள்ளைக்காரர்கள். வீட்டுக் கொல்லைப்புறம் வரை நடந்து போய், அங்கிருக்கும் குப்பையைத் தொட்டியில் கொட்டி, தொட்டியைத் தலையிலோ தோளிலோ சுமந்து வண்டிக்குக் கொண்டுவர வேண்டும். தொட்டி ஓட்டையாக இருந்தால் உள்ளே இருப்பது கழுத்து வழியாக வழியும். நாள் முழுவதும் உழைத்தும், குடும்பத்துக்கு சர்க்காரின் ஏழை உதவிப் பணம் வாங்கித் தீரவேண்டிய நிலையில் பலர் இருந்தார்கள். மழை பெய்தால் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், கூலியும் போய்விடும். மேஸ்திரிகளுக்கு மட்டும் மழை பெய்தாலும் சம்பளம் உண்டு.

1968-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் முதல் தேதி, நல்ல மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தொழிலாளிகள் ஒதுங்க இடமில்லாமல் குப்பை வண்டியின் பின்புறத்துக்குள்ளேயே ஒண்டிக்கொண்டார்கள். குப்பையை நசுக்கி உள்ளே தள்ளும் யந்திரம் தானாகவே ஓடத் தொடங்கிற்று. இருவரையும் அது குப்பையோடு குப்பையாக நசுக்கிவிட்டது. அந்தக் குடும்பங்களுக்கு நகரசபை கொடுத்தது ஈமச் செலவுக்கு 500 டாலரும் ஒரு மாதச் சம்பளமும்தான்.

பதினொரு நாள் கழித்து, பிப்ரவரி 12-ஆம் தேதி காலையில், சுமார் 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை.

அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது; பெயருக்கு இருந்தது என்றே சொல்லவேண்டும். டி. ஓ. ஜோன்ஸ் என்ற குப்பை அள்ளும் தொழிலாளி அதற்காகவே 1963-இல் வேறு பலரோடு வேலையை இழந்தவர். மறு வருஷம் நாடு தழுவிய சர்க்கார் ஊழியர் சங்கம் ஒன்றின் 1733-ஆம் எண் கிளையாக அது பதிவாயிற்று. ஆனால் சந்தா வசூலிப்பதுதான் பெரும்பாடு. ஆட்கள் நகரம் முழுவதும் சிதறிக் கிடக்கிறார்கள். மேஸ்திரி பார்த்தால் வேலை போகும். கூலியோ மளிகைக் கடைக்கே போதவில்லை. ஒழுங்காகச் சந்தா கட்டியவர்கள் மிகச் சிலர்தான். எங்கள் பொருளாளருக்காவது உட்கார ஒரு ஸ்டூல் இருந்தது. ஜோன்ஸுக்கு அதுவும் இல்லை.

ஆகவேதான் வேலை நிறுத்தக்காரர்களின் கோரிக்கைகளில், கூலி உயர்வுக்கும் சங்கத்தை ஏற்பதற்கும் சமமாக இன்னொன்று இருந்தது: விருப்பப்பட்டு எழுதிக் கொடுக்கிறவனின் சந்தாவை நகரசபை சம்பளத்திலேயே பிடித்துச் சங்கத்திடம் சேர்க்க வேண்டும். கேட்டால் இதற்காகவா ஒரு நகரம் பற்றி எரிந்தது என்று தோன்றும். ஆனால் இரண்டு தரப்பாருக்கும் அதன் பொருள் நன்றாகத் தெரிந்திருந்தது. சந்தா ஒழுங்காக வந்தால் சங்கம் நிலைக்கும். வராவிட்டால் அடுத்த பண்டிகைக்குள் கலைந்துவிடும்.

மேயர் ஹென்றி லோப் பதவியேற்று ஒன்றரை மாதந்தான் ஆகியிருந்தது. ஆறடிக்கு மேல் உயரம். அதைவிடப் பிடிவாதம் உயரம். நகர ஊழியர் வேலை நிறுத்தம் செய்வதே சட்டவிரோதம் என்றார். கூலியைப் பற்றியாவது பேசலாம், சந்தாப் பிடித்தத்துக்கு மட்டும் சம்மதிக்கவே முடியாது என்று நின்றார். தொழிலாளியின் பணத்தைச் சங்கத்தின் பிடியிலிருந்து காப்பாற்றுவதாக அவருக்கு எண்ணம். காப்பாற்றப்பட வேண்டியவர்கள் தெருவில் நின்றுகொண்டு 'பிடித்துக் கொடு' என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

பிப்ரவரி 23-ஆம் தேதி ஊர்வலத்தின்மீது போலீஸார் கண் எரியும் மருந்தைத் தெளித்தார்கள். பாதிரிமார்களின் முகத்திலும் அது பட்டது. அதற்கப்புறம் கறுப்பர் சபைகள் அத்தனையும் ஒன்று சேர்ந்தன. தலைமை வகித்தவர் ஜேம்ஸ் லாஸன் என்ற பாதிரியார். அவர் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்ல. ஐம்பதுகளில் நாகபுரியில் தங்கிக் காந்தியடிகளின் வழியைப் பயின்று போனவர். அவர்தான் தம் நண்பர் மார்ட்டின் லூதர் கிங்கை மெம்ஃபிஸுக்கு அழைத்தார்.

கிங்கும் நம் மண்ணை மிதித்தவர்தான். 1959-இல் மனைவியோடு இந்தியாவுக்கு வந்து, கன்னியாகுமரிக் கடற்கரையில் ஒரே வேளையில் சூரியன் அஸ்தமிப்பதையும் சந்திரன் உதிப்பதையும் பார்த்துவிட்டுப் போய், அதைத் தம் சபையாருக்கு வியந்து சொன்னவர். 1968 மார்ச் 18-ஆம் தேதி மெம்ஃபிஸில் ஆயிரக்கணக்கானோர் முன் அவர் பேசினார். 28-ஆம் தேதி அவர் தலைமையில் புறப்பட்ட ஊர்வலம் கலவரத்தில் முடிந்தது. லாரி பெய்ன் என்ற பதினாறு வயதுப் பையன் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானான். மறுநாள் தொழிலாளிகள், ராணுவ வண்டிகளின் ஓரமாக, வாய் பேசாமல் வரிசையாக நடந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை. அதில் எழுதியிருந்தது, 'நான் ஒரு மனிதன்' என்பதுதான். கூலியைப் பற்றியோ சந்தாவைப் பற்றியோ ஒரு எழுத்தும் இல்லை.

ஏப்ரல் 4-ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு, லொரைன் என்ற விடுதியின் மாடித் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்த கிங்கைச் சுட்டுக் கொன்றார்கள். நாடு முழுவதும் நகரங்கள் எரிந்தன. ஜனாதிபதி ஜான்ஸன் தம் தொழில் இலாகாவின் உயர் அதிகாரி ஒருவரை மெம்ஃபிஸுக்கு அனுப்பினார். ஏப்ரல் 16-ஆம் தேதி சமரசம் ஏற்பட்டது. கூலி மணிக்கு முதலில் 10 சென்டும் பிறகு 5 சென்டும் உயர்ந்தது.

சந்தா? அதற்கு ஒரு வேடிக்கையான வழியைக் கண்டுபிடித்தார்கள். நகரசபை தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்து, ஊழியர்களின் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குக் கட்டும். கடன் சங்கம் அதை யூனியனுக்குக் கொடுக்கும். 'நான் சந்தா பிடிக்கவில்லை' என்று மேயரும் சொல்லிக்கொள்ளலாம். சந்தாவும் போய்ச் சேர்ந்துவிடும். இந்த ஒரு வளைவைக் கண்டுபிடிக்க அறுபத்தைந்து நாட்களும் இத்தனை உயிர்களும் தேவைப்பட்டன.

இங்கே ஒன்றை நான் மறைக்கக் கூடாது. மெம்ஃபிஸ்காரர்கள் கேட்டது கட்டாயச் சந்தா அல்ல. டென்னஸியில் 1947-லேயே ஒரு சட்டம் உண்டு: சங்கத்தில் சேரவேண்டும், பணம் கட்டவேண்டும் என்று யாரையும் வேலைக்கு நிபந்தனையாக வற்புறுத்தக் கூடாது. அவர்கள் கேட்டது, கொடுக்க விரும்புகிறவன் கொடுப்பதற்கு ஒரு வழி. கொடுக்க விரும்பாதவன் கதை வேறு. அதற்கு நாம் ரயில் எஞ்சினிடம் போகவேண்டும்.

*

அலபாமா மாகாணத்தில் ஒரு ரயில்வேயில் பெஸ்டர் ஸ்டீல் என்ற கறுப்பர் எஞ்சினில் கரி போடும் வேலை பார்த்து வந்தார். பழைய நாளில் நெருப்பும் கரித்தூளுமாக இருந்த அந்த வேலைக்கு வெள்ளைக்காரர்கள் போட்டிக்கு வரவில்லை. யந்திரங்கள் திருந்தி வேலை சுலபமானதும் அவர்களுக்கு அதன் பேரில் ஆசை வந்தது. அந்தத் தொழிலுக்கான சங்கம் வெள்ளைக்காரர் சங்கம், கறுப்பரைச் சேர்த்துக்கொள்ளாது. ஆனால் ரயில்வேச் சட்டப்படி, பெரும்பான்மையோர் தேர்ந்தெடுத்த சங்கம்தான் அந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே பிரதிநிதி. வேறு யாரும் நிர்வாகத்தோடு பேச முடியாது. அந்தச் சங்கம் 1940-41-இல் நிர்வாகங்களோடு பேசி, கறுப்பர்களைப் படிப்படியாக ஓரங்கட்டும் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. ஸ்டீலின் நல்ல இடம் போயிற்று. அவருடைய பிரதிநிதியே அவருடைய சோற்றில் மண் போட்டது.

அலபாமா நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. சார்லஸ் ஹூஸ்டன் என்ற புகழ்பெற்ற கறுப்பு வக்கீல் வழக்கைச் சுப்ரீம் கோர்ட்டுக்குக் கொண்டு போனார். 1944 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. எல்லோருக்காகவும் பேசும் தனி உரிமையைச் சட்டம் ஒரு சங்கத்துக்குக் கொடுக்கிறபோது, உறுப்பினர் அல்லாதவனுக்காகவும் நேர்மையாகப் பேசும் கடமையையும் கூடவே கொடுக்கிறது என்பது அதன் சாரம்.

இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் யோசித்தேன். சங்கத்தில் சேராதவனுக்கும் சங்கம் உழைத்தே தீரவேண்டும் என்ற விதி, சோம்பேறிகளுக்குச் சலுகையாகப் பிறந்தது அல்ல. சங்கத்தின் வாசலிலேயே நிறுத்தப்பட்ட ஒருவனைக் காப்பாற்றப் பிறந்தது. ஆனால் விதி என்று ஒன்று வந்துவிட்டால் அதன் நிழலில் எல்லோரும் ஒதுங்குவார்கள். உள்ளே விடப்படாத ஸ்டீலும் ஒதுங்கினார். உள்ளே வா என்று கூப்பிட்டும் வராதவர்களும் ஒதுங்கினார்கள்.

இதிலிருந்துதான் சங்கங்களின் வாதம் கிளம்பிற்று. 'உனக்காக நான் பேசித்தான் தீரவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பேசுவதற்குச் செலவாகிறது. உன் பங்கை நீ கொடுக்க வேண்டாமா?' ரயில்வேக்களில் அப்படி வசூலிப்பது செல்லும் என்று 1956-இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. அந்தப் பணத்தை, மறுப்புச் சொல்கிறவனின் விருப்பத்துக்கு விரோதமாக அரசியல் காரியங்களுக்குச் செலவிடக் கூடாது என்று 1961-இல் சொல்லிற்று. ஆனால் அந்த ரயில்வேக்கள் தனியார் கம்பெனிகள். எஜமானன் சர்க்காராக இருந்தால்?

சர்க்கார் ஊழியர்களுக்குச் சங்கமே கூடாது என்ற காலமும் ஒன்று இருந்தது. தொழிலாளர் நண்பர் என்று பெயரெடுத்த ரூஸ்வெல்ட்கூட 1937-இல், தனியார் தொழிலில் நடக்கும் பேரம் அப்படியே சர்க்கார் உத்தியோகத்துக்குப் பொருந்தாது என்று கடிதம் எழுதினார். 1959-இல் விஸ்கான்ஸின் மாகாணம்தான் முதன்முதலாக உள்ளூராட்சி ஊழியர்களின் சங்கங்களோடு பேரம் பேசச் சட்டம் செய்தது. மற்ற மாகாணங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன.

டெட்ராய்ட் நகரத்துப் பள்ளி ஆசிரியர்கள் சிலர், அவர்களில் அபூட் என்பவர் பெயரால், வழக்குத் தொடுத்தார்கள். 1977-இல் தீர்ப்பு வந்தது. கோர்ட்டு நம் ஊர்ப் பெரியவர்கள் மாதிரி பாகப் பிரிவினை செய்துவைத்தது. சம்பளப் பேச்சு, ஒப்பந்தம், தனி ஆளின் குறை தீர்த்தல் ஆகியவற்றுக்கு ஆகும் செலவில் உறுப்பினர் அல்லாதவனும் பங்கு கொடுக்க வேண்டும். கட்சிக்கும் கொள்கைப் பிரசாரத்துக்கும் ஆகும் செலவில் அவன் ஒரு காசும் கொடுக்க வேண்டாம். அந்தப் பங்குக்குச் சில மாகாணங்களில் 'நியாயப் பங்கு' என்றே பெயர் வைத்தார்கள். என் தகப்பனார் டெட்ராய்ட்டில் வாத்தியாராக இருந்திருந்தால் ஒரு ரூபாய்க்குப் பதில் முக்கால் ரூபாய் கொடுத்திருப்பார். கொடிக் கம்பம் நட அதில் ஒரு காசும் போயிருக்காது.

*

இந்த ஏற்பாடு நாற்பத்தொரு வருஷம் ஓடிற்று. இருபதுக்கு மேற்பட்ட மாகாணங்கள் தங்கள் சட்டங்களை இதன்மேல் கட்டின. பிறகு சுப்ரீம் கோர்ட்டின் காற்று மாறத் தொடங்கிற்று. 2016-இல் கலிபோர்னியா ஆசிரியை ஒருவரின் வழக்கில் இந்த ஏற்பாடு கவிழ்ந்துவிடும் என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் நடுவில் நீதிபதி ஸ்காலியா காலமானார். எஞ்சியவர்கள் நாலுக்கு நாலாகப் பிரிந்ததால் பழையது தப்பியது. அடுத்த வருஷம் காலியான இடத்துக்குப் புது நீதிபதி வந்தார்.

அப்போது வந்து சேர்ந்தது மார்க் ஜானஸின் வழக்கு. அவர் இல்லினாய் மாகாணத்தில், பிரிந்த பெற்றோரிடமிருந்து குழந்தைகளின் ஜீவனாம்சத்தைப் பெற்றுத் தரும் இலாகாவில் உத்தியோகஸ்தர். சங்கத்தில் சேரவில்லை. ஆனாலும் அவர் சம்பளத்தில் மாதம் 44 டாலர் 58 சென்ட் 'நியாயப் பங்கு' பிடிக்கப்பட்டது. முழுச் சந்தாவில் அது 78 சதவிகிதம். அவருடைய ஆட்சேபம் எளிமையானது. மாகாணத்தின் கஜானா காலியாகிக் கடனில் தத்தளிக்கிறது. இந்த நிலையில் சங்கம் இன்னும் இன்னும் என்று கேட்பது எனக்குச் சம்மதமில்லை. எனக்குச் சம்மதமில்லாத பேச்சை என் காசில் பேசாதே.

2018 ஜூன் 27-ஆம் தேதி, ஐந்துக்கு நாலு என்ற கணக்கில், அவர் ஜெயித்தார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி அலிட்டோ. கம்பெனியிடம் சம்பளம் கேட்பது வியாபாரம். சர்க்காரிடம் சம்பளம் கேட்பது ஜனங்களின் வரிப்பணத்தைப் பற்றிய பேச்சு. ஆகவே அதுவே அரசியல். எந்தச் செலவு பேரம், எந்தச் செலவு அரசியல் என்று 1977-இல் கிழித்த கோடு நிற்காது. பணம் கொடுக்காதவனை ஓசிப் பயணி என்கிறீர்களே, அவன் போக விரும்பாத ஊருக்குக் கப்பலில் பிடித்து ஏற்றப்பட்டவனாகவும் இருக்கலாம் அல்லவா? இப்படிப் போகிறது அந்த வாதம். இனி ஊழியன் தானாக வந்து சம்மதம் கொடுத்தாலொழிய ஒரு சென்டும் பிடிக்கக் கூடாது.

மாறுபட்ட நால்வருக்காக எழுதியவர் நீதிபதி எலினா கேகன் அம்மாள். அவருடைய வாதத்தில் ஒன்று என் மனத்தில் தைத்தது. சங்கத்தை வெறுக்கிறவன் மட்டும் கொடுக்காமல் இருந்தால் பரவாயில்லை. ஆனால் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பலன் ஒன்றுதான் என்று ஆகிவிட்டால், சங்கத்தை மனசார ஆதரிக்கிறவனும் நாளடைவில் கையை மடக்கிக்கொள்வான். அவனை யோக்கியன் அல்ல என்று சொல்ல முடியாது. கணக்குத் தெரிந்தவன், அவ்வளவே.

இந்த வழக்கில் தோற்ற சங்கம் எது என்று தெரியுமா? மெம்ஃபிஸில் குப்பைத் தொழிலாளிகள் எந்தச் சங்கத்தின் 1733-ஆம் கிளையாக நின்றார்களோ, அதே சங்கம்தான். 1968 பிப்ரவரியில் வேலை நிறுத்தம். 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டில் வாதம். சரியாக ஐம்பது வருஷம். முதலில் அது கேட்டது, கொடுக்க விரும்புகிறவனைக் கொடுக்க விடு என்பது. பிறகு அது கேட்டது, கொடுக்க விரும்பாதவனையும் கொடுக்க வை என்பது. முன்னதற்குக் கிங் உயிரைக் கொடுத்தார். பின்னதற்கும் அவர் பெயரைச் சொல்லலாமா என்பதை என்னால் நிச்சயமாகத் தீர்மானிக்க முடியவில்லை.

அப்புறம் சங்கங்கள் செத்துப் போயினவா என்றால், இல்லை. பங்குப் பணம் நின்றது, பலமான அடிதான். ஆனால் சங்கத்தார் ரசீதுப் புத்தகத்தோடு ஒவ்வொரு மேஜையாகப் போய் மறுபடியும் பேசத் தொடங்கினார்கள். இல்லினாய் மாகாணத்து வாக்காளர்கள் 2022-இல், பேரம் பேசும் உரிமையைத் தங்கள் அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்டார்கள். ஜானஸ், தீர்ப்புக்கு முன்பு பிடித்த பணத்தைத் திருப்பிக் கேட்டும் வழக்காடினார், அது கிடைக்கவில்லை.

*

நம் நாட்டில் இந்தச் சண்டை இவ்வளவு தூரம் போகவில்லை. 1918-இல் வாடியாவும் திரு. வி. க.வும் முன்நின்று வளர்த்த சென்னைத் தொழிற்சங்கத்தின் பேரில் மில் முதலாளிகள் ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். அந்தக் கலக்கத்தின் பலன்களில் ஒன்றுதான் 1926-ஆம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டம். அரசியல் செலவுக்குத் தனி நிதி வைக்க வேண்டும்; அதற்குப் பணம் கொடுக்கும்படி எந்த உறுப்பினரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அது வகுத்தது. 1913-இல் பிரிட்டிஷார் தங்கள் நாட்டில் செய்த ஏற்பாட்டின் சாயல் அது. அமெரிக்க நீதிபதிகள் 1977-இல் கிழித்த கோட்டை நம் சட்டம் அரை நூற்றாண்டுக்கு முன்பே கிழித்திருந்தது. என் தகப்பனாருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் வேறு காரணம் கண்டுபிடித்திருப்பாரோ என்னவோ!

கட்டாயம் என்பது நமக்குப் புதிதும் அல்ல. குடிமராமத்து என்று ஒன்று இருந்தது. ஏரியில் தூர் வாரும் நாளில் வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும். வராதவன் தண்டம் கட்டவேண்டும். மடை திறந்தால் தண்ணீர் வந்தவன் வயல், வராதவன் வயல் என்று பார்த்துப் பாயாது. ஆகவே கட்டாயம் நியாயம் என்று நம் பெரியவர்கள் தீர்மானித்தார்கள். அமெரிக்கச் சங்கங்களின் வாதமும் இதுவேதான். கேட்டதும் என் மனம் அந்தப் பக்கம் சாய்ந்தது.

ஆனால் அதே கிராமத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டியிருக்கிறது. தூர் வாருவதற்கு முதலில் கூப்பிட்டு அனுப்பிய சேரிக்காரனுக்குப் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க உரிமை இல்லாமல் இருந்தது. தேர் இழுக்க எல்லோரும் சேரவேண்டும் என்றார்கள். தேர் எல்லாத் தெருவுக்கும் போகவில்லை. 'ஊர்' என்று சொல்லி வசூலிக்கிறவர்கள், 'ஊர்' என்று சொல்லிப் பந்தி விரிக்கிறபோது சிலரை மறந்துவிடுகிறார்கள். ஸ்டீல் என்ற அந்த எஞ்சின் தொழிலாளியிடம் போய், அவர் சோற்றில் மண் போட்ட சங்கத்துக்குப் பங்கு கொடுக்கச் சொல்ல எனக்கு நா எழாது.

ஆகவே சட்டத்தைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டால், 1977-ஆம் வருஷத்துப் பாகப் பிரிவினையே எனக்குப் போதும். அது அரைகுறை ஏற்பாடுதான். கோடு அங்கங்கே அழியும்தான். ஆனால் உறுப்பினர் அல்லாதவனுக்கும் பேசு என்று சங்கத்தைக் கட்டிப்போடுகிற சட்டம், அந்தப் பேச்சின் கூலியை மட்டும் தரச் சொல்லி அவனையும் சற்றுக் கட்டிப்போடுவதில் எனக்கு அநீதி தெரியவில்லை. கோர்ட்டு வேறு விதமாகச் சொல்லிவிட்டது. அதன் பிற்பாடு மிஞ்சுவது அவரவர் மனச்சாட்சி. அந்தக் கோர்ட்டில் ஐந்துக்கு நாலு என்று தீர்ப்புக் கிடையாது.

*

தகப்பனார் ஓய்வு பெற்றபோது அவருடைய பென்ஷன் காகிதங்களில் ஏதோ ஒரு சேவைப் பதிவு விட்டுப்போயிருந்தது. பதினான்கு மாதம் பணம் வரவில்லை. அவர் எழுதிய மனுக்கள் எந்த மேஜையில் தூங்கின என்று தெரியவில்லை. அம்மா மறுபடியும் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை ஊராருக்காக.

ஒரு நாள் சாயங்காலம் பழைய பொருளாளர் வந்தார். தலை நரைத்திருந்தது, காதில் பென்சில் மட்டும் அப்படியே இருந்தது. "காகிதத்தைக் கொடுங்கள், அண்ணே" என்று வாங்கிக்கொண்டு போனார். மாவட்டத் தலைநகருக்கு மூன்று தடவை பஸ் ஏறினார். பென்ஷன் வந்துவிட்டது. சந்தா கட்டினீரா என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் பென்ஷனை வாங்கிக்கொண்டு தகப்பனார் சங்கத்து அறைக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். இருபத்தெட்டு வருஷத்துக்கு மாதம் ஒரு ரூபாய் வீதம் முந்நூற்று முப்பத்தாறு ரூபாய் என்று வீட்டிலேயே கணக்குப் போட்டு, நோட்டுகளை ஒரு கவரில் வைத்திருந்தார். மேஜைமேல் வைத்தார்.

பொருளாளர் கவரைப் பார்த்தார், புரிந்துகொண்டார். மெதுவாக அதைத் திருப்பித் தள்ளினார்.

"வாங்க எனக்கு அதிகாரமில்லை, அண்ணே. ரிட்டயர் ஆனவர்களிடம் சந்தா வாங்க விதியில் இடமில்லை. நீங்கள் இப்போது ஊழியர் இல்லையே!"

அவர் கேலி செய்யவில்லை. ரசீதுப் புத்தகத்தில் எழுதாமல் ஒரு காசும் வாங்காத மனிதர் அவர். தகப்பனார் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கவரை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை.

கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால் அவர் அந்த இருபத்தெட்டு வருஷமும் திட்டிக்கொண்டே கொடுத்திருப்பார். கடைசியில் நிம்மதியாக இருந்திருப்பார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அந்தக் கவர் அவர் இறந்த பிறகும் பீரோவில் இருந்தது.